தெரியாமல் வெளியேறியவள்

2017 மார்ச் 3, வெள்ளி

சாவியைக் கொடுத்தாகிவிட்டது. வீட்டுக்காரர் ஃபென்விக் வீட்டை விற்கிறார். இரண்டு மாதம் முன்பே கொடுத்த நோட்டீஸில் இன்றைய தேதி போட்டிருந்தது. இன்றைக்கே கிளம்பினேன். அடுப்புக்குள் தலையை விட்டுத் தேய்த்து, திரைச்சீலைகளைத் துவைத்து மாட்டிவிட்டுத்தான் வந்தேன்.

"பதினோரு வருஷத்துல உங்களை மாதிரி ஒரு குடித்தனத்தைப் பாத்ததில்ல, ஹேசல்" என்றார். அடுத்தவன் வீட்டில் ஒரு நாள் கூடுதலாக உட்கார்ந்தாள் என்ற பேச்சு எனக்கு வேண்டாம்.

நாங்கள் மூன்று பேரும் டோரீன் வீட்டுக் கூடத்தில். என்னோடு பள்ளிச் சமையலறையில் வேலை செய்கிறவள். வெளியே வாடகை விற்கிற விலைக்கு ஒரு அறைகூடக் கிடைக்காது. திங்கட்கிழமை நகரசபைக்குப் போனால் வீடு கொடுத்துவிடுவார்கள். இரண்டு பிள்ளைகளோடு தெருவில் விட்டுவிடுவார்களா என்ன?

மார்ச் 6, திங்கள்

இரண்டரை மணி நேரம் காத்திருந்தேன். நகரசபை வீட்டுவசதிப் பிரிவில் மிஸ் ப்ராட்பென்ட் என்று ஒருத்தி. என் முகத்தைப் பார்க்காமலே கேள்வி கேட்கிறாள்.

"பையனுக்கு என்ன வயசு?"

"பதினொண்ணு. பேரு ரீஸ்."

"பொண்ணுக்குப் பதினஞ்சு. அப்ப ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல போட முடியாது. பத்து வயசு தாண்டிடுச்சுல்ல, மூணு படுக்கையறை வீடு குடுக்கணும்."

பரவாயில்லையே என்று நினைத்தேன். அப்புறம்தான் அந்தக் கேள்வி. "நோட்டீஸ் தேதி முடிஞ்சாலும் கோர்ட்டு ஆள் வந்து காலி பண்ற வரைக்கும் நீங்க அங்கேயே இருந்திருக்கலாம். அது உங்களுக்குத் தெரியுமா?"

சத்தியமாகத் தெரியாது. காது சுட்டது. பக்கத்தில் மகள் கீரா உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாம என்ன? நல்லாவே தெரியும். ஆள் வந்து கழுத்தைப் பிடிச்சுத் தள்ற வரைக்கும் ஒட்டிக்கிட்டு இருக்கிற ரகம் நான் இல்ல."

டக்டக்கென்று தட்டச்சு செய்துகொண்டாள். முடிவு வரும்வரை பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு விடுதியில் ஒற்றை அறை. குளியலறை ஆறு குடும்பத்துக்கு ஒன்று.

மார்ச் 31, வெள்ளி

கடிதம் வந்துவிட்டது. நான் "வேண்டுமென்றே வீடிழந்தவர்" என்கிறது; அப்படிப்பட்டவருக்கு நகரசபை வீடு தர வேண்டியதில்லையாம்! இருக்க உரிமை உண்டு என்று தெரிந்தே வெளியேறினேனாம். நான் சொன்னதையே மேற்கோள் குறி போட்டு எழுதியிருக்கிறாள், பாவி.

இருபத்தெட்டு நாளில் விடுதியைக் காலி பண்ண வேண்டும். வீட்டு வரிசையில் 'டி' பிரிவு. 'ஏ' பிரிவுக்கு வீடு, 'பி' பிரிவுக்கு நம்பிக்கை, 'சி' பிரிவுக்குப் பொறுமை. 'டி'யில் இருப்பவனுக்கு வீடு கிடைத்ததாக இந்த ஊரில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

வாடகை பாக்கி வச்சு, சுவத்தை உடைச்சு, போலீஸ் வர்ற வரைக்கும் படுத்துக் கிடந்திருந்தா? நோட்டீஸைக் கிழிச்சுப் போட்டிருந்தா? நல்லபடியா பெருக்கித் துடைச்சுக் குடுத்தேனே — அதுதான் குத்தமா? நாசமாப் போங்க எல்லாரும்.

ஏப்ரல் 1, சனி

முட்டாள்கள் தினம். என்னை ஏமாற்ற இன்று யாரும் வரவில்லை. நேற்றே வேலையை முடித்துவிட்டார்கள்.

ஏப்ரல் 4, செவ்வாய்

நகரசபைக்குப் போய் ப்ராட்பென்டிடம் கத்தினேன். "நாங்க எதையும் சேர்க்கலை மேடம். நீங்க சொன்னதுதான்" என்றாள், குரல்கூட உயர்த்தாமல். காவலாளி என் முழங்கையைத் தொட்டு வெளியே கொண்டுவந்து விட்டான். தொட்ட இடம் இன்னும் எரிகிறது.

மதியம் பாத்திரம் கழுவும்போது டோரீனிடம் கொட்டித் தீர்த்தேன்.

"உனக்கு நெசமாவே தெரியுமாடி?"

"தெரியாது."

"அப்புறம் எதுக்குத் தெரியும்னு அளந்த?"

கையிலிருந்த தட்டை இன்னும் அழுத்தித் தேய்த்தேன்.

"நுணலும் தன் வாயால் கெடும்னு உன்னைப் பாத்துத்தான் சொல்லியிருக்கான். என் தங்கச்சிக்கும் இதே கதைதான். விவரம் தெரியாம, நல்ல எண்ணத்துல வெளியேறினா அது 'வேண்டுமென்றே' ஆகாது. சட்டத்துலயே இருக்கு. இருபத்தோரு நாளுக்குள்ள மறுபரிசீலனைக்கு எழுது. தெரியாதுன்னு எழுது."

தெரியாது என்று எழுதினால், அன்று பொய் சொன்னேன் என்றும் எழுத வேண்டும். அந்த ப்ராட்பென்ட் அதைப் படிப்பாள். செத்தாலும் மாட்டேன்.

ஏப்ரல் 12, புதன்

மறுபரிசீலனைக்கு எழுத உட்கார்ந்து நாலு தாள் கிழித்தாயிற்று. ஐந்தாவதைக் கீரா எடுத்துப் படித்துவிட்டாள். ஒற்றை அறையில் எதை எங்கே ஒளிப்பது?

"அன்னைக்கு நீ சொன்னது பொய்யாம்மா?"

"ஆமா."

"எனக்கு அப்பவே தெரியும். ஒண்ணு தெரியலைன்னாதான் நீ அவ்வளவு சத்தமாப் பேசுவ."

அறைந்திருந்தால்கூட இப்படி வலித்திருக்காது. எவ்வளவு நாளாகத் தெரியும் இவளுக்கு? எழுதினேன். "எனக்குத் தெரியாது. கேட்டபோது என் மகள் முன்னால் வெட்கப்பட்டுப் பொய் சொன்னேன்." கையெழுத்துப் போட்டு, மனசு மாறுவதற்குள் ஓடிப்போய்த் தபாலில் சேர்த்தேன்.

ஜூன் 9, வெள்ளி

மறுபரிசீலனை முடியும்வரை விடுதியிலேயே இருக்க விட்டார்கள்; இன்று தீர்ப்பு மாறிவிட்டது. "அறியாமையினால் நல்லெண்ணத்துடன் வெளியேறியவர்." நகரசபையே முத்திரை வைத்து எழுதிக் கொடுத்த முட்டாள் நான். 'பி' பிரிவு. கழிப்பறையில் உட்கார்ந்து அழுதேன். வெளியே யாரோ கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

ஆகஸ்ட் 17, வியாழன்

வாராவாரம் இணையத்தில் காலி வீட்டுப் பட்டியல் வருகிறது. வேண்டும் என்று அழுத்தினால் வரிசையில் எத்தனையாவது ஆள் என்று காட்டும். அறுபத்து மூன்று. இருபத்தெட்டு. இந்த வாரம் நான்கு.

செப்டம்பர் 22, வெள்ளி

மில் சாலைக் குடியிருப்பு, ஒன்பதாவது மாடி. லிஃப்டில் மூத்திர நாற்றம். மூன்று படுக்கையறை.

ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்க ப்ராட்பென்டே வந்தாள். பதினான்கு பக்கம். மணி பன்னிரண்டு, போட்டிருந்த கோட்டைக்கூடக் கழற்றவில்லை. பக்கங்களைப் புரட்டிக் கையெழுத்துப் போடும் இடத்துக்கே வந்துவிட்டாள்.

"எல்லாம் தெரிஞ்ச விஷயம்தான். இங்க போடுங்க."

"எனக்குத் தெரியாது" என்றேன். "முதல் பக்கத்துலேருந்து சொல்லுங்க."

சொன்னாள். புரியவில்லை என்றேன். மறுபடி சொன்னாள். பாதி நிஜமாகவே புரியவில்லை. ஆறாம் பக்கத்தில் கோட்டைக் கழற்றினாள். கீரா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள், சிரிப்பில் தோள் குலுங்கியது.

ஒன்றே முக்காலுக்குக் கையெழுத்துப் போட்டேன்.