முதல் தொகுதி தீவுக்கு

விஸ்பி,
மார்ச், ஞாயிறு காலை

ஸ்டெல்லானுக்கு,

போத்விட் எழுதுகிறேன். உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் வழக்கமான வசைக் கடிதம் என்று நினைத்திருப்பாய். பாதி சரிதான். உன்னை நலமா என்று கேட்பதை எப்போதோ விட்டுவிட்டேன். இன்று கேட்கிறேன். நலமா?

நேற்று அவை கப்பலில் வந்து இறங்கின. பாதி ஊர் துறைமுகத்தில் நின்றது. முதலில் ரேடார் வண்டி, பின்னால் ஏவுகணை வண்டிகள். அதில் ஒன்றை ஓட்டி வந்தவள் என் மகள் ஹெட்விக். என்னைக் கண்டும் காணாததுபோல நேரே பார்த்துக்கொண்டு போனாள். சீருடையில் இருக்கும்போது அப்படித்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவனே நான்தான். ஆனாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கையில் இரண்டு விரல் மட்டும் மேலே எழுந்தன.

நம் பழைய படைமுகாம் உணவுக்கூடத்துச் சமையல்காரன் ரூனே பக்கத்தில் நின்றான். "என்னய்யா போத்விட், அழுவுறியா?" என்று கேட்டான். கடல்காற்று கண்ணில் படுகிறது என்றேன். "காத்து உன் முதுகுப் பக்கமால்ல அடிக்குது" என்றான். அவன் வாய் அப்படியே இருக்கிறது.

இந்தத் தீவின் வான்காப்புப் படையைக் கலைத்தபோது நீயும் நானும் அதில் வீரர்கள், ஒரே அறையில் தங்கியிருந்தோம். நான் இங்கேயே தங்கிக் கணக்கு வாத்தியார் ஆனேன். நீ தலைநகருக்குப் போய் அமைச்சகத்தில் நாற்காலி பிடித்தாய். இந்தக் கடலில் இனிப் போர் வராது, கலைத்தது சரியே என்ற அறிக்கையில் உன் பெயரும் இருந்தது. நம் ஏவுகணை வண்டிகள் அருங்காட்சியகத்துக்குப் போயின. பள்ளிப் பிள்ளைகள் அவற்றின் மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். உணவுக்கூடத்தில் இப்போது யோகா வகுப்பு நடக்கிறது. இதில் எதையும் நான் மறக்கவில்லை.

பிறகு கடலுக்கு அக்கரையில் காற்று மாறியது, மறுபடி போர்ப் பேச்சு கேட்டது. தீவுக்குப் படை திரும்பி வந்தது. ஹெட்விக் அதில் சேர்ந்தாள். ஒருநாள் என் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே, வானிலை சொல்வதுபோலச் சொன்னாள்: "எங்ககிட்ட இருக்கறது விமானத்தை அடிக்கத்தான்பா. உயரத்துலேர்ந்து ஏவுகணை வந்தா, அண்ணாந்து பாத்துக்கிட்டு நிக்க வேண்டியதுதான்." அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை. வரும் ஏவுகணையை வானிலேயே அடிக்கும் ஆயுதத்துக்கு நாடாளுமன்றம் பணம் ஒதுக்கி, அதை வாங்கவும் முடிவு செய்த பிறகும் தூங்கவில்லை. முதலில் கைக்கு வரப்போவது ரேடாரும் ஏவுகணை வண்டிகளும் சேர்ந்த ஒரே ஒரு தொகுதி. அடுத்தது வரப் பல வருடம் ஆகும். அந்த ஒன்றைத் தலைநகரில் நிறுத்துவார்கள் என்றே எல்லாரும் பேசினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் போன ஜூலையில், வருடா வருடம் அரசியல்வாதிகள் கூட்டம் போட்டுப் பேச இங்கே வந்து கொட்டும் வாரத்தில், நீயும் வந்து கூடாரத்தில் பேசினாய். நான் கடைசி வரிசையிலிருந்து எழுந்து, "இந்தத் தடவை எந்த அருங்காட்சியகத்துக்கு வாங்குறீங்க?" என்று கத்தினேன். கூட்டம் சிரித்தது. நீ தண்ணீர் குடித்தாய். வீட்டுக்கு வந்து ஹெட்விக்கிடம் பெருமையாகச் சொன்னேன். "உங்க ஆசை தீந்துச்சா? எங்களுக்கு அதுல என்ன கெடச்சுது?" என்று கேட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

நேற்று வண்டிகள் முகாமுக்குள் போன பிறகு, குடும்பத்தாருக்குக் காப்பியும் குங்குமப்பூ அடையும் கொடுத்தார்கள். ஹெட்விக்கின் மேஜர், ஓசா என்ற பெண், என்னிடம் வந்து உன்னைத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்று மட்டும் சொன்னேன். அவர்தான் சொன்னார். தொகுதியை எங்கே நிறுத்துவது என்று தலைநகரில் நடந்த அமைச்சகக் கூட்டத்தில் ஒருவர், "அங்க இருக்கற ஆட்டுக்கா இவ்வளவு பணம்?" என்று கேட்டாராம். "அந்த ஆடு மேயற எடத்தை எவன் புடிக்கிறானோ, அவன் அங்கேர்ந்தே இந்த ஜன்னலை அடிப்பான்" என்று நீ சொன்னாயாம். முதல் தொகுதி தீவுக்கு இல்லையென்றால் கையெழுத்துப் போட வேறு ஆளைப் பாருங்கள் என்று எழுந்துவிட்டாயாம். அவர்கள் தொகுதியை எங்களுக்குக் கொடுத்துவிட்டு, உன் இடத்துக்கு வேறு ஆளையும் பார்த்துவிட்டார்கள். இலையுதிர்காலத்திலிருந்து நீ வீட்டில் இருப்பது இங்கே யாருக்கும் தெரியாது.

கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. உன்னைத் திட்ட என்னிடமிருந்த காரணங்களில் மிக நல்ல ஒன்றை நீயே பிடுங்கிக்கொண்டாய். மற்றவை பத்திரமாக இருக்கின்றன. அந்த அறிக்கையைப் பற்றி உன்னிடம் நேரில் பேச நிறைய இருக்கிறது.

நேற்றிரவு ஒன்பது மணிக்குப் படுத்தேன். ஆடுகள் கத்தித்தான் எழுந்தேன். ஹெட்விக் தொலைபேசியில் கூப்பிட்டு, உன்னைப் பார்க்க வேண்டும் என்றாள். எதற்கு என்று கேட்டேன். "நீங்க சொல்ல மாட்டீங்க. அதான் நான் சொல்றேன்" என்றாள்.

ஈஸ்டருக்குக் கடல் அடங்கிவிடும். காலைக் கப்பலில் வா. நடுத்தளத்தில் உட்கார், முன்பக்கம் போனால் உனக்குக் குமட்டும். வெறும் வயிற்றோடு கிளம்பாதே. தடித்த சட்டை எடுத்துக்கொள், மாடி அறையில் குளிர் அதிகம். வாடகைக் காருக்குச் சொல்லி வைக்காதே. கப்பல் கரை சேரும்போது படியடியில் நான் நிற்பேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

போத்விட்