காங்கேசன்துறைக் கப்பலில் உன் அம்மாவுக்கு எடுத்த அறை

என் தேவகிக்கு,

நீ படிப்பித்த ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இன்னும் சிலவேளை என்னைத் "தேவகி ரீச்சர்" என்று கூப்பிடுகிறார்கள். கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறார்கள். நான் திருத்துவதில்லை. உன் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன்.

நேற்றுக் கப்பல் கந்தோருக்குப் போயிருந்தேன். மார்கழி விடுமுறைக்குக் காங்கேசன்துறைக்குப் போய், உன் அம்மாவையும் அப்பாவையும் இங்கே திருகோணமலைக்குக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். பயப்படாதே, பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. உன் அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் வெண்புரை. ஒப்பரேசனை இங்கே செய்விப்பது என்று முடிவாகியிருக்கிறது.

போகவும் வரவும் பெயர் பதிந்துகொண்டிருந்த எழுதுவினைஞர் தலையை நிமிர்த்தாமல் கேட்டார். "ரீச்சர், வரேக்கை மேல்தட்டிலே பல்கனி அறை ஒண்டு இருக்கு. கீழ்த்தட்டிலே நடுவிலே உள்ளறை ஒண்டு இருக்கு. எதைப் பதியிறது?"

"நாளைக்கு வந்து சொல்லுறன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது. ஆறு மாதத்துக்கு முன்பும் இதே கேள்விதான். அந்தப் பயணத்தைப் பற்றி நான் இன்னும் ஒருவருக்கும் முழுதாகச் சொல்லவில்லை. முதலில் உனக்குத்தான் சொல்ல வேண்டும்.

நீ கண்மூடி நாலாவது மாதம் உன் அப்பா ஒருநாள் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்று, "பிள்ளை, நாங்கள் வீட்டை போகப்போறம்" என்றார். மகள் இல்லாத ஊரில் இனி என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. கேட்காமலே எனக்கு விளங்கியது. இடம்பெயர்ந்து, காடும் வவுனியாவும் தாண்டி உன்னிடம் வந்தவர்கள். வந்த பாதை பூட்டியாகிவிட்டது. இனிக் கடல்தான். மூன்று பேரில் ஒருவரும் அதற்கு முன் கப்பலில் கால் வைத்ததில்லை. உன் அப்பா ஒருமுறை கிண்ணியாத் துறையில் இக்கரைக்கும் அக்கரைக்கும் ஓடும் மிதவைப் பாதையில் ஏறி, கம்பியைப் பிடித்த பிடியை விடாமல் மறுகரை சேர்ந்தாரே, அவ்வளவுதான் அவருடைய கடல் அனுபவம்.

இரண்டு பேரையும் தனியே அனுப்ப எனக்கு மனம் இல்லை. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு நீ சொன்னது காதிலேயே நின்றது: "அம்மாவைக் கதவு பூட்டின இடத்திலே தனிய விட்டிடாதை." ஷெல்லடிக்குப் பதுங்கிய பங்கரின் வாய் மண் சரிந்து மூடி, உன் அம்மா அரை நாள் உள்ளே கிடந்த கதையை அன்றைக்குத்தான் முழுதாகச் சொன்னாய். அதற்குப் பிறகு அவர் குளிக்கும்போதுகூடக் கதவைச் சாத்துவதில்லை என்பதை நான் என் கண்ணால் பார்த்திருந்தேன்.

அப்போதுதான் இந்த அறைக் கதை தொடங்கியது. முன்பு வெள்ளைக்காரர் உல்லாசப் பயணம் போன கப்பலாம் அது. மேல்தட்டில் கடலைப் பார்த்துக் கண்ணாடிக் கதவும் சின்னப் பல்கனியும் வைத்த அறைகள் சில இருந்தன. வயதானவர்களுக்கும் வருத்தக்காரருக்கும் அவற்றைக் கொடுத்தார்கள். எழுதுவினைஞர் கப்பலின் படத்தை மேசையில் விரித்தார். உன் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். முப்பத்தைந்து வருடம் ஸ்ரேசன் மாஸ்ரராக இருந்தவர் அல்லவா?

"தம்பி, இதிலே எஞ்சின் எந்தப் பக்கம்?"

"பின்னுக்கு ஐயா. கீழே."

"அப்ப நடுப்பெட்டி எது? அடிபட்டாலும் நடுப்பெட்டிக்குச் சேதம் குறைவு."

"ஐயா, இது கப்பல். பெட்டி இல்லை."

"எனக்குத் தெரியும்" என்றார் கோபமாக. "நடு எது எண்டுதான் கேட்டனான்."

கடலைப் பார்க்காத, காற்று வராத, கப்பலின் வயிற்றுக்குள் இருக்கும் உள்ளறையில்தான் அவர் விரலை வைத்தார். உன் அம்மா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு வாசல் பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் யாரைத்தான் கேட்காமல் விட்டேன்? கிண்ணியாவிலிருந்து வெங்காயமும் புகையிலையும் எடுக்க யாழ்ப்பாணம் போய்வரும் ஹனீபா நானாவைக் கேட்டேன். "டீச்சர், நான் நாலு தரம் போய் வந்த மனிசன். கீழே, நடுவிலே எடுங்க. மேலே போகப் போக ஆட்டம் கூட. பல்கனி பாக்க வடிவுதான், காத்தும் வரும். ஆனா ஒண்டு நடந்தா முதல்ல..." என்று தொடங்கியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினார். பள்ளிக்கூடத்தில் கேட்டால் நேர்மாறு. கீழே போனால் வெளியே வர ஏலாது, மேலே என்றால் குதிக்கவாவது செய்யலாம் என்றார்கள். குதித்து? நீந்தத் தெரியாத மூன்று பேர் நடுக்கடலில் குதித்து என்ன செய்வது, தேவகி?

மூன்று நாள் சோறு இறங்கவில்லை. கடைசியில் பல்கனி அறையைப் பதிந்துவிட்டு, உன் அப்பாவிடம் பொய் சொன்னேன். "அங்கிள், உங்கட நெஞ்சுக்குக் காத்துப் படுற அறைதான் வேணும் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார்." அவர் அதைச் சமிக்ஞைக்குக் கட்டுப்படுவது போல ஏற்றுக்கொண்டார். ஆனால் இரண்டு நாள் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை.

காலை ஆறு மணிக்குப் புறப்பட வேண்டிய கப்பல், சோதனை எல்லாம் முடிந்து ஏழே முக்காலுக்குத்தான் அசைந்தது. "ஒண்டே முக்கால் மணித்தியாலம் பிந்தி" என்று உன் அப்பா மணிக்கூட்டைப் பார்த்து அறிவித்தார். உன் அம்மா அறைக்குள் நுழைந்ததும் செய்த முதல் வேலை கண்ணாடிக் கதவைத் தள்ளித் திறந்ததுதான். வெளியே ஒரு பிளாஸ்ரிக் கதிரை. அதில் உட்கார்ந்தவர் எழும்பவே இல்லை. உன் அப்பா கட்டில் விளிம்பில், கடலுக்கு முதுகைக் காட்டி, கட்டில் காலைப் பிடித்தபடி இருந்தார்.

துறைமுக வாயைத் தாண்டியதும் கோணேசர் மலை எங்களுக்கு மேலே எழும்பியது. கரையிலிருந்து எத்தனை தரம் பார்த்திருப்போம். கடலிலிருந்து பார்க்க அது வேறு மலை. உன் அம்மா கைகூப்பினார். பிறகு நிலாவெளி வந்தது. நான் பிறந்த கரை. கூரையில்லாத ஹோட்டலும், ஒரு வள்ளமும் இல்லாத மணலும் மெதுவாகப் பின்னால் போயின. நான் அழுதேனா என்று உன் அம்மா திரும்பிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து ஒரு அலைத் தூவானம் அவருடைய முகத்தில் அடித்தது. "உப்பு!" என்று சிரித்தார். நீ போன பிறகு அவர் சிரித்து நான் கேட்டது அப்போதுதான்.

உன் அப்பாவும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, பத்து மணியளவில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அளவுக்கு வந்துவிட்டார். நான் சரியான அறையைத்தான் எடுத்திருக்கிறேன் என்று நினைத்தேன்.

மத்தியானம் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்திருந்தோம். எஞ்சின் சத்தம் திடீரென்று இறங்கியது. கப்பல் நின்றுவிட்டது. கூட வந்த காவல் படகுகள் இரண்டும் வேகமாகத் திரும்பிக் கரைப்பக்கம் ஓடின. ஒலிபெருக்கி மூன்று மொழியிலும் சொன்னது: மேல்தட்டில் உள்ள எல்லோரும் கண்ணாடிக் கதவுகளைப் பூட்டிவிட்டுக் கீழ் மண்டபத்துக்கு இறங்க வேண்டும், அமைதியாக, ஓடாமல்.

நான் ஓடினேன், தேவகி.

இதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டியிருந்தது. பயண அனுமதிப் பத்திரம் இருந்த பையைத் தூக்கியது நினைவிருக்கிறது. தோளில் யாரோ இடித்தது நினைவிருக்கிறது. பிறகு நான் கீழ் மண்டபத்தில், சுவரோரம், பாயில் உட்கார்ந்திருந்தேன். யன்னல் இல்லாத மண்டபம். பையை நெஞ்சோடு அணைத்திருந்தேன். எத்தனை நிமிடம் அப்படி இருந்தேன் என்று தெரியாது. பக்கத்தில் ஒருவர் தன் தாயை உட்காரவைப்பதைப் பார்த்த பிறகுதான், நான் யாரையும் கூட்டிக்கொண்டு வரவில்லை என்பது எனக்கு உறைத்தது.

திரும்பி ஏறினேன். எல்லோரும் இறங்கிக்கொண்டிருந்தார்கள், நான் மட்டும் எதிர்த்திசையில். இரண்டாவது வளைவில் நின்றேன். மேலே, முதல் படியில், உன் அம்மா கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடியிருந்தார். "நான் உள்ளுக்கு வரமாட்டன். என்னை இஞ்சையே விட்டிட்டுப் போங்கோ." சத்தம் இல்லாத குரல். காலையிலிருந்து கடலைப் பார்க்கவே பயந்த உன் அப்பா அவருக்கு ஒரு படி கீழே, அவரைப் பார்த்தபடி, பின்பக்கமாக இறங்குகிறவர் போல நின்றார்.

"பாக்கியம், வண்டி பளையிலே நிக்குது. சிக்னல் விழுந்திட்டுது. அடுத்தது என்ன?"

கம்பியில் உன் அம்மாவின் விரல்கள் இன்னும் இறுகின.

"அடுத்தது என்ன பாக்கியம்? ஆக்கள் காத்துக்கொண்டு நிக்கினம்."

"எழுதுமட்டுவாள்" என்றார் உன் அம்மா, கண்ணைத் திறக்காமல்.

"அப்ப வா." ஒரு படி.

"மிருசுவில்." இன்னொரு படி. கொடிகாமம். மீசாலை. காங்கேசன்துறை வண்டி நிற்கும் ஸ்ரேசன்கள் ஒவ்வொன்றாக. றெயில்வே குவாட்டசில் குடும்பம் நடத்தியவர் அல்லவா, ஒன்றையும் தவறவிடவில்லை. பின்னால் கைக்குழந்தையோடு நின்ற மூதூர்ப் பெண் ஒருத்தி, "மெதுவா வாங்க உம்மா, நாங்க நிக்கிறம்" என்றாள். ஒருவரும் தள்ளவில்லை. வளைவில், எனக்குப் பக்கத்தில் வந்ததும், "யாழ்ப்பாணம்" என்றார் உன் அப்பா. "இதிலே கொஞ்சம் கூட நேரம் நிக்கும். மூச்சை விடு." என்னை அவர் பார்த்தார். நான் உன் அம்மாவின் மற்றக் கையைப் பிடித்தேன். அது ஐஸ் மாதிரி இருந்தது.

சுன்னாகத்தோடு படிகள் முடிந்துவிட்டன. மிச்ச ஸ்ரேசன்களைப் பாயில் உட்கார்ந்துதான் சொன்னார்கள். காங்கேசன்துறை வந்ததும் மறுபடியும் பளையிலிருந்து தொடங்கினார்கள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அப்படியே போனது. என்ன நடந்தது என்று கடைசிவரை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. எஞ்சின் மறுபடி இரைந்தபோது மண்டபம் முழுக்க ஒரு பெருமூச்சு. உன் அப்பா அதுவரை பொறுத்திருந்தவர் போல, அப்போதுதான் ஒரு பொலித்தீன் பையைத் திறந்து, குனிந்து வாய் நிறையச் சத்தி எடுத்தார்.

பொழுது சாயும் நேரம் கரையிறங்கினோம். மூன்று பேரும் முழுதாக. உன் வீட்டு ஓடு பாதி போய்விட்டது, கிணறு நன்றாக இருக்கிறது.

இரண்டாம் நாள் பக்கத்து வீட்டுக்காரர் விசாரிக்க வந்தார்கள். உன் அம்மா கப்பல் கதையைச் சொன்னார். எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், "ரேவதிதான் முன்னாலே ஓடிப்போய்ப் பாய் விரிச்சு எங்களுக்கு இடம் பிடிச்சு வைச்சவள். இல்லாட்டி நிண்டுகொண்டுதான் வந்திருப்பம்" என்றார்.

நான் தேத்தண்ணிக் கோப்பையோடு அப்படியே நின்றேன். உன் அம்மா உண்மையாகவே அப்படித்தான் நம்பினாரா? கண்ணை மூடிக்கொண்டிருந்தவருக்கு நான் போனது எப்படித் தெரியும்? அல்லது எல்லாம் தெரிந்து, ஊர் முன்னால் என்னைக் காப்பாற்றினாரா? உன் அப்பாவைப் பார்த்தேன். "தேத்தண்ணி ஆறப்போகுது பிள்ளை" என்று மட்டும் சொன்னார். நீ இருந்திருந்தால் அம்மாவின் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பாய். எனக்கு அந்த முகம் இன்னும் அவ்வளவு பழக்கமில்லை.

நான் திரும்பும் நாளில் உன் அம்மா துறைமுகத்துக்குப் போகும் பஸ் வரைக்கும் வந்தார். "அடுத்த முறையும் அந்த வெளிவாசல் வைச்ச அறையையே எடு மோனை" என்றார். அப்போது கண் ஒப்பரேசன் என்ற பேச்சே இல்லை. இப்போது அந்த அடுத்த முறை வந்துவிட்டது.

விடிந்ததும் கந்தோருக்குப் போய்ப் பல்கனி அறையையே பதியப்போகிறேன். பயம் போகவில்லை. கண்ணாடிக் கதவை நினைத்தாலும் பயம், கீழ் மண்டபத்தை நினைத்தாலும் பயம், மார்கழிக் கடலின் ஆட்டத்தை நினைத்தாலும் பயம். எல்லாவற்றையும்விட என் கால்களை நினைத்தால்தான் பயம். மறுபடியும் அந்த அறிவித்தல் வந்தால் அவை என்ன செய்யும்?

அதனால் உனக்கு வாக்குத் தருகிறேன். அறைக்குள் போனதும் உன் அம்மாவின் கையைப் பிடிப்பேன். இறங்கச் சொன்னால் அவருக்குப் பின்னால்தான் இறங்குவேன். ஒப்பரேசன் முடிந்து, கண்ணில் கட்டு அவிழ்த்து, என் முகம் அவருக்குத் தெளிவாகத் தெரியும் நாளில், நான் ஓடியதை அவரிடம் சொல்வேன். என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா "மோனை" என்று கூப்பிடும் மற்றப் பிள்ளை,
ரேவதி