டீசல் மாற்றிய வண்டி

1982 ஜனவரி 18
இன்று எங்கள் அம்பாசிடர் டாக்ஸியின் பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டார்கள். சாப்பாடு கொண்டுபோனபோது பார்த்தேன். அம்மாவாசியின் பட்டறையில் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எங்களுக்குச் சோறு போட்டது அதுதான்.

புது டீசல் எஞ்சின் கீழே மரக்கட்டையின்மேல் இருந்தது. "செல்வமணி அண்ணே, இதுல குதிரைச்சக்தி கம்மி. பெட்ரோல் வண்டிய முந்திப் போக முடியாது. ஆனா நின்னு இழுக்கும். தண்ணியும் ஆயிலும் பாத்துக்கிட்டா வருசக்கணக்குல தொறக்கவே வேணாம்" என்றார் அம்மாவாசி. என் வீட்டுக்காரர் சின்னப் பையனைப் போலத் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன், பிளக் கிடையாது, பொறி கிடையாது, பிறகு எப்படிப் பற்றும் என்று.

"காத்தப் போட்டு நெருக்குனா சூடாயிரும். அதுல டீசல் பட்டாத் தன்னால பத்தும், சாரா."

அதையே யோசித்துக்கொண்டு பாத்திரம் கழுவினேன்.

ஜனவரி 24
ஆலயத்துக்குப் புது எஞ்சினில் போனோம். வண்டி நிற்கும்வரை போதகர் ஜெபத்தைத் தொடங்கவில்லை. அவ்வளவு சத்தம்.

மார்ச் 9
இடதுபக்கக் கதவில் மறுபடியும் கீறல். கம்பம் ஊரில் ஒரு சந்தில் திரும்பும்போது சுவர் உரசிவிட்டதாம். சுவர் இருந்ததே தெரியவில்லை என்கிறார். சுவர் தெரியாமல் போகுமா?

ஏப்ரல் 15
மதுரை. கண் டாக்டர் எதையும் சுற்றி வளைக்கவில்லை. கண்ணுக்குள் அழுத்தம் கூடி ஓரப் பார்வை போய்விட்டது. போனது திரும்பாது. மருந்து விட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம். இனி வண்டி ஓட்டக் கூடாது.

வெளியே வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். ஹீட்டர் போட்டார். டீசலைக் காலையில் கிளப்பும்போது செய்வதுபோல, அது சூடாகட்டும் என்று காத்திருந்தார். நான் ஏறவில்லை.

"ஏறு."

"வேணாங்க. இறங்குங்க."

"வண்டிய யாரு ஓட்டுவா? நீயா?"

கேட்டுவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். ரோட்டில் போனவர்களெல்லாம் பார்த்தார்கள். எனக்கு ஒண்ணுமே ஓடல. அந்த மனுசன் கையைப் பிடிச்சு இறக்கினேன். ஊரறிஞ்ச டிரைவர், பிள்ளை மாதிரி இறங்கி வந்தாக.

வண்டியை ஒரு டீக்கடைக்காரர் பொறுப்பில் விட்டுவிட்டு பஸ்ஸில் வந்தோம். ஆண்டிபட்டி கணவாயில் பஸ் திணறி ஏறியது. இவர், "இந்த டிரைவர் கிளச்ச மிதிச்சே கொல்றான்" என்றார். அவ்வளவுதான்.

மே 2
மதுரையிலிருந்து வண்டியை ஓட்டிவந்து சேர்த்த கர்ணன் என்ற பையனையே சம்பளத்துக்கு வைத்திருக்கிறோம். நன்றாக ஓட்டுகிறான், கலகலப்பாகப் பேசுகிறான். இவர் வாசலில் நின்று வண்டி போகும் சத்தத்தைக் கேட்கிறார், திரும்பும் சத்தத்தையும் கேட்கிறார்.

ஜூலை 20
உத்தமபாளையத்துக்கு இப்பால் எஞ்சினின் தண்ணீர்க் குழாய் வெடித்திருக்கிறது. சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறியும் கர்ணன் நிறுத்தாமல் சின்னமனூர் வரை ஓட்டியிருக்கிறான். பெரிய இடத்துச் சவாரி, நடுவழியில் இறக்கிவிட்டால் கோபித்துக்கொள்வார்கள் என்று பயமாம். சூட்டில் எஞ்சின் ஹெட், அதன் மேல்மூடி, வளைந்துவிட்டது.

பட்டறையில் இவர் அந்த இரும்பைத் தடவிப் பார்த்து, வளைந்த இடத்தில் விரலை நிறுத்தினார். கர்ணனைத் திட்டவில்லை. "வித்துருவோம்" என்று மட்டும் சொன்னார்.

எஞ்சின் நல்ல எஞ்சின்தான். எத்தனை உறுதியாகச் செய்திருந்தாலும், தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க ஒரு ஆள் வேண்டியிருக்கிறதே.

ஜூலை 23
சொல்லிவிட்டேன். நான் ஓட்டுகிறேன் என்று.

சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுபோயிற்று. "ஸ்டாண்டுல அத்தன ஆம்பளைக மத்தியில போயி நிப்பியா?"

"நிப்பேன்."

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார்.

ஆகஸ்ட் 11
அம்மாவாசி ஹெட்டைச் சரிசெய்து கொடுத்துவிட்டார்; விற்கும் பேச்சை இவர் எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 16
காலையில் சட்டை மாட்டிக்கொண்டு, "வா, வைகை அணை ரோடு காலியாக் கெடக்கும்" என்றார். கர்ணன்தான் அதுவரை ஓட்டி வந்து வண்டியை என்னிடம் கொடுத்தான்.

நாலு முறை அணைந்தது. "பெட்ரோல் வண்டி மாதிரி வெரட்டாத. கிளச்ச மெல்ல விடு, அதுவா நகரும்." நகர்ந்தது. எதிரே ஒரு ஆட்டு மந்தை வந்தது. ஆடுகள் ஒதுங்கும்வரை பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.

1983 மார்ச் 6
லைசென்ஸ் கிடைத்துவிட்டது. டாக்ஸி ஓட்ட அதற்கு மேலும் அனுமதி வேண்டுமாம். அதுவரை கர்ணன்தான். இப்போது மறக்காமல் தண்ணீர் பார்க்கிறான்.

நவம்பர் 14
அனுமதியும் வந்தது. கர்ணன் லாரிக்குப் போகிறான். போகும்போது, "அக்கா, மழைநாள்ல குமுளி ஏறாதீக" என்றான்.

நவம்பர் 17
ஸ்டாண்டில் காலையிலிருந்து நின்றேன். கம்பத்துத் திராட்சை வியாபாரி ஒருவர் ஏறி உட்கார்ந்தார். டிரைவர் நான்தான் என்று தெரிந்ததும், பையை எடுத்துக்கொண்டு பின்வண்டிக்குப் போனார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடச் சண்டை போட்டிருக்கலாம்.

நவம்பர் 19, சனி
முதல் சவாரி குச்சனூருக்கு. சனீஸ்வரன் கோயிலுக்குப் போகும் பெண்கள். சின்னமனூர் மொக்கம்மாள் என்று ஒருத்தி, நெல்லும் வாழையும் போடுகிறவள், முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீ வேதக்காரப் பொம்பளையாமே ஆத்தா? எங்க சனியனுக்கு வண்டி ஓட்டுறது பாவமில்லையா?"

"வண்டிதான ஓட்டுறேன், கும்பிடப் போறது நீங்கதான" என்றேன். வண்டி சத்தத்தையும் மீறிச் சிரித்தாள். மருமகனிலிருந்து மூட்டுவலி வரைக்கும் பேசிக்கொண்டே வந்தார்கள். ஆண் டிரைவர் முன்னால் இதெல்லாம் பேச முடியாது என்றாள் ஒருத்தி.

1984 ஜனவரி 8
இன்று மொக்கம்மாள் குடும்பத்தோடு குமுளி. மகளைக் கட்டிக்கொடுத்த ஊர். மலைக்கு முதல் முறை என்பதால் இவரும் முன்னால் ஏறிக்கொண்டார்.

லோயர் கேம்ப்புக்கு மேலே இருபுறமும் மூங்கில், மூடுபனி. ஆட்கள் நிறைய, மூட்டைகளும் நிறைய. எஞ்சின் முக்கிக்கொண்டே ஏறியது. கொண்டையூசி வளைவில் எதிரே ஒரு ஜீப் நடுரோட்டில் வந்துவிட்டது. நிறுத்தினேன். பின்னால் பள்ளம். மறுபடி கிளப்பும்போது வண்டி ஒரு முழம் பின்னால் போனது. பின்சீட்டில் ஒருத்தி அலறினாள். இவர் கை ஹேண்ட் பிரேக்கின்மேல் வந்து விழுந்தது.

"கைய எடுங்க."

அப்படி ஒரு குரலில் அவரிடம் நான் பேசியதில்லை. எடுத்துவிட்டார். கிளச்சை மெல்ல விட்டேன். வண்டி நடுங்கியது, அணையவில்லை. ஒரு கணம் அப்படியே நின்று, பிறகு இழுத்தது.

குமுளியில் டீ குடிக்கும்போது நான்தான் பேச்செடுத்தேன். "கோவமா?"

"ரெண்டு பேரு புடிச்சா பிரேக் நிக்காது" என்றார். டம்ளரைப் பார்த்தபடியே சொன்னார். கோபமா, சமாதானமா — எனக்குப் பிடிபடவில்லை.

மார்ச் 3
மறுபடியும் குமுளி. மகளுக்குப் பிள்ளை பிறந்திருப்பதால் மொக்கம்மாள் அழைத்தாள். இவரும் வருகிறேன் என்றார். இவருக்கு முன்கதவை நானே திறந்துவிட்டேன். "அவுக உக்காரட்டும்" என்று மொக்கம்மாளை அங்கே அனுப்பிவிட்டுப் பின்னால் ஏறி, துண்டைத் தலைக்கு மடித்துச் சாய்ந்துகொண்டார்.

கூடலூர் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டார். வளைவுகளில் ஏறும்போதும் எழுந்திருக்கவில்லை.