இரண்டு நாள் தாமதமாக ஒட்டிய தாள்

ஷிபெனிக்,
செவ்வாய்க்கிழமை

அன்புத் தம்பி,

அடக்கத்துக்கு வந்த நீ என் முகத்தையே பார்க்கவில்லை. இப்போது போனையும் எடுப்பதில்லை. கிழித்துப் போடுமுன் இதை ஒரு முறை படித்துவிடு.

அப்பா போனது வெள்ளிக்கிழமை காலையில். எட்டு மாதம் போலந்துக் கால்பந்து அணியில் களமிறங்காமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்த உனக்கு மறுநாள்தான் முதல் ஆட்டம். மீன் சந்தைப் பலகையில் இரங்கல் தாளை ஒட்டினால், ஐந்தே நிமிடத்தில் யாராவது படமெடுத்து உனக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால், அப்பா மருத்துவமனைக் குளிரறையில் கிடக்க, அச்சடித்த தாளைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஊருக்குள் சிரித்துத் திரிந்தேன். "அப்பா எப்படி இருக்கார்?" என்றவர்களிடம் "தூங்கறார்" என்றேன்.

நீ கோல் அடித்தாய். நான் செய்தது சரிதான் என்று நினைத்தேன். ஆட்டம் முடிந்ததும் உனக்குச் சொல்லிவிட்டு, ஞாயிறு காலையில் தாளை ஒட்டினேன்.

காபிக் கடை பாஷ்கோ அதைப் படித்துவிட்டுச் சண்டைக்கே வந்துவிட்டார்.

"என்னம்மா, தேதியத் தப்பா அடிச்சிருக்கே! வெள்ளிக்கிழமை செத்த மனுஷன் சனிக்கிழமை எப்படி என் கடையில மேட்ச் பாப்பாரு? கதவுகிட்டயே நின்னாரு. உக்காருய்யான்னேன், உக்காரல."

தாளில் தேதியை மறுபடி பார்த்தேன்; வெள்ளிக்கிழமை என்றுதான் இருந்தது.

"உன் பையன் கோல் போட்டுட்டான், இன்னிக்கு எல்லாருக்கும் உன் செலவுதான்னு கத்தினேன். சிரிக்கக்கூட இல்லம்மா. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிட்டாரு."

"என்ன?"

"'பையன்கிட்ட இன்னும் சொல்லலையா?'ன்னு."

உன்
அக்கா