இறக்கத்தில் ஒரு ஹார்ன்

புளியமேடு,
பார்த்திப வருஷம், மாசி மாதம்.

என் மகன் வேலுமணிக்கு அப்பன் செங்கோடன் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. நானும் மாடும் சுகம். பட்டாளத்தில் நீயும் சுகமாக இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

இது யார் கையெழுத்து என்று திகைக்காதே. தபால்காரர் எழுதவில்லை, என் கைதான். காலையில் தொடங்கினேன். இப்போது மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து இந்த வரியை எழுதுகிறேன். உன் கடிதத்தையும் நானே படித்தேன். பங்குனியில் உன்னை விடுவிக்கிறார்கள் என்றும், சேலத்தில் ரயில் இறங்கி நேரே நாமக்கல்லில் மாமனார் வீட்டுக்குப் போவதாகவும் எழுதியிருக்கிறாய். வசந்தாமணியும் பிள்ளையும் அங்கே இருக்கும்போது அதுதான் சரி.

நான் படித்தது கரி பஸ்ஸின் புண்ணியம். நீ போன பிறகு பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸின் முதுகில் ஒரு இரும்புப் பீப்பாயைக் கட்டி, அடுப்புக்கரியை எரித்து அந்தப் புகையில் ஓட்டினார்கள். சேலத்துக்குப் போகும்போது நம் மேடு ஏற அதற்குப் பலம் போதாது. நம் வாசலுக்கு நேரே நின்றுவிடும். சாம்பலைக் கிளறி, விசிறியைச் சுற்றி, நெருப்பு நன்றாகப் பிடிக்கும்வரை எல்லாரும் இறங்கி நம் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். உன் ஆத்தா போனபின் இங்கே பேச்சுச் சத்தம் கேட்டது அப்போதுதான். வெண்ணெய் விற்கப் போகும் முத்தாயம்மாள், "ஏனுங்கண்ணா, பஸ்ஸு உங்க ஊட்டு வாசல்லயே படுத்துக்குது, என்ன மருந்து வெச்சீங்க?" என்று கேலி செய்வாள்.

கண்டக்டர் குழந்தைவேல்தான் பஸ் பலகையில் உள்ள எழுத்துகளைக் கரித்துண்டால் நம் சுவரில் எழுதிக் காட்டினார். நான் முதலில் படித்தது நாமக்கல். சேலத்தின் 'சே' பிடிபட நாளாயிற்று. சுவரெல்லாம் கறுப்பு. வெள்ளையடிக்க மனம் வரவில்லை.

இப்போது மறுபடி பெட்ரோல் விடுகிறார்களாம். பீப்பாயைக் கழற்றிவிட்டார்கள். பஸ் ஒரே மூச்சில் மேடு ஏறிவிடுகிறது. குழந்தைவேல் கையை ஆட்டுகிறார். முத்தாயம்மாளின் கூடை தெரிகிறது, முகம் தெரிவதற்குள் போய்விடுகிறது.

சேலத்திலிருந்து நாமக்கல்லுக்கு வரும் பஸ்தான் கவலை. கரி பஸ்ஸை இறக்கத்தில் அணைக்க மாட்டார்கள், நெருப்பு மங்கிவிடும். அதனால் கடகடவென்று வரும். காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தாலும் கேட்டு ஓடி வருவேன். பெட்ரோலோ விலை ஏறிக் கிடக்கிறது. மேட்டு உச்சியிலேயே இன்ஜினை அணைத்துவிட வேண்டும் என்பது முதலாளி உத்தரவு. சந்தையில் பார்த்தபோது டிரைவர் சின்னண்ணன், "சொட்டுச் சொட்டா மிச்சம் புடிக்கோணுங்க" என்றார். பஸ் பூனை மாதிரி இறங்கிவிடுகிறது. நிமிர்ந்தால் தூசிதான் இருக்கிறது.

அதனால் உனக்கு ஒன்று சொல்கிறேன். வரும்போது நம் வீட்டுப் பக்கத்து ஜன்னல் ஓரமாக உட்கார். பஸ்ஸை நிறுத்த வேண்டாம். நிறுத்தினால் மறுபடி இன்ஜினைப் போட வேண்டும், முதலாளிக்கு வீண் செலவு. உச்சியில் மட்டும் ஹார்னை அமுக்கச் சொல். அதற்குப் பெட்ரோல் வேண்டியதில்லை. நான் வாசலுக்கு வந்துவிடுவேன்.

நீயும் உன் குடும்பமும் நூறு வயது இருக்க வேண்டும் சாமி.

உன் அப்பன்
செங்கோடன்