மூன்றாம் வருடத்துப் புல்

ஷாம்பேன்,
ஜூலை 9

அன்புள்ள பஸ்தியானுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் நலம் என்று எழுதினால் அது பொய். டாஸ்மேனியாவில் இப்போது குளிர்காலமாமே, கம்பளிச் சட்டை போட்டுக்கொள்கிறாயா?

அப்பாவின் கை நடுக்கம் தோள்வரை ஏறிவிட்டது. முப்பது வருடம் நம் திராட்சைத் தோட்டத்தில் களைக்கொல்லி அடித்த கை. டாக்டரும் அதைத்தான் காரணம் சொன்னார். "இந்த விஷத்தை நிறுத்துங்கப்பா" என்று நீ கெஞ்சியபோது, "புல்லு வளக்கணும்னா மாடு வாங்கிக்கோடா" என்று சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். மறுவாரமே நீ போய்விட்டாய்.

நோய் தெரிந்ததும் அவரே களைக்கொல்லியை நிறுத்தினார். மூன்று வருடம் விஷம் படாமல் இருந்தால்தான் இயற்கைத் தோட்டம் என்று முத்திரை கிடைக்கும், உனக்குத் தெரியாததா? அந்த முத்திரையோடு வரும் முதல் ஷாம்பேன் ஒயின் பாட்டிலில் உன் பெயரைப் போட வேண்டுமாம். முடிந்த பிறகு உனக்குச் சொல்லலாம் என்றார், வீம்பு பிடித்த மனுஷன். இந்த அறுவடையோடு மூன்று முடிந்திருக்கும்.

போன மாதம் மழை விடவேயில்லை. களை போக உழுகிற குதிரை சேற்றில் இறங்க மறுத்தது. புல் இடுப்பளவு. பக்கத்துத் தோட்டத்து ழினெட், "என்ன ஒதீல், ஆடு மேய்க்கவா கொடி வச்சிருக்கீங்க?" என்று என்னிடம் கேட்டாள். அதைக் கேட்டு அப்பா அரிவாளோடு போய், இரண்டாவது வரிசையிலேயே விழுந்துவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. கொட்டகையில் பழைய களைக்கொல்லி டப்பா ஒன்று மிச்சமிருந்தது. அவர் தூங்கிய மத்தியானம், நானே தெளிப்பானை முதுகில் கட்டிக்கொண்டு அடித்தேன்.

ஒரே வாரத்தில் புல் மஞ்சளாகிவிட்டது. திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. மண்டியிட்டுக் காய்ந்த புல்லைத் தடவினார். பிறகு முத்திரை கொடுக்கிறவர்களுக்குத் தானே போன் செய்து சொல்லிவிட்டார். மூன்று வருடத்தை மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். யாருக்குத் தெரியப்போகிறது, மறைத்துவிடலாமே என்று அழுதேன். "பையன் பேரு போடற பாட்டிலுடி" என்றார்.

இன்னும் மூன்று வருடம் அவருக்கு இல்லை, பஸ்தியான். அது அவருக்கும் தெரியும்.

நேற்று ஜன்னலோரம் உட்கார்ந்து, "அவன் வந்தா முதல்லேருந்து எண்ணுவானா?" என்று கேட்டார். அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று எழுந்து போய்விட்டேன்.

உன் கோபம் நியாயம்தான். என்மேலும் கோபித்துக்கொள், ஆனால் நேரில் வந்து கோபித்துக்கொள். எண்ணுகிறேன் என்று அவர் காதில் ஒரு வார்த்தை சொல். அதைக் கேட்டுவிட்டால் நிம்மதியாகப் போவார்.

கடவுள் உன் கைகளைக் காக்கட்டும். அங்கே தோட்ட வேலையில் எந்த மருந்தையும் கையுறை போடாமல் தொடாதே, கண்ணா.

உன் அம்மா,
ஒதீல்