வலி நின்ற நாள்

நவம்பர் 14

காலை ஆறரைக்கு என் கடையான இரும்புக் கன்டெய்னரைத் திறக்கப் போனால் பூட்டு உறைந்து கிடந்தது. எதிர்க்கடை சாக்கின் லைட்டரை நீட்டினாள். இருபத்தொரு வருடமாக இதே சந்தை, இதே வரிசை. சால்வை, காலுறை, ஒட்டக ரோம இடுப்புப் பட்டை. ஊர் நடுங்கினால்தான் எனக்குப் பிழைப்பு.

பத்து மணிக்கு முதுகில், இடது விலாவுக்குக் கீழே ஒரு குத்து. கால் மணி நேரத்தில் அது இடுப்பைச் சுற்றி முன்னால் வந்து தொடையிடுக்கு வரை இறங்கியது. நின்றாலும் வலி, உட்கார்ந்தாலும் வலி. சால்வை மூட்டையின் மேல் கவிழ்ந்து கிடந்தேன். வாந்தி வேறு. மூன்று பிள்ளை பெற்றவள் நான். அதெல்லாம் ஒரு வலியா என்று தோன்றிவிட்டது.

சாக்கின் தெருவைத் தாண்டி ஓடி வந்தாள். "கிட்னில குளிர் ஏறிடுச்சுடி. இரும்புல உக்காராதேன்னு எத்தனை தடவை சொல்றது? பட்டை விக்கிறவ, நீ ஒண்ணு கட்டிக்கக் கூடாதா?"

"விக்கிற சரக்கை நானே கட்டிக்கிட்டா எப்படி?"

"நீ செத்துட்டா யாருடி விக்கிறது?"

கட்டிக்கொண்டேன்.

நவம்பர் 15

சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போனது. தண்ணீர் குறைவாகக் குடித்ததால் இருக்கும். ஆனால் அதற்கு என்ன செய்வது? கழிப்பறை பதினொரு வரிசை தள்ளி இருக்கிறது. அங்கேயும் கூட்டம். போய்த் திரும்புவதற்குள் என் வாடிக்கை எதிர்க்கடையில் நிற்கும். விடிகாலையில் ஒரு குவளை, பிறகு மூன்று மணி வரை ஒன்றும் கிடையாது. இங்கே எல்லாருக்கும் இதுதான் பழக்கம். புதிதாகக் கடை போடுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லித் தருவதே இதைத்தான்.

நவம்பர் 19

மறுபடி வந்தது. சாக்கின் வலி ஊசி போட்டாள் (அவள் கை பதமான கை, ஆடு மாடுகளில் பழகியது). மாலையில் ஆட்டுவால் கொழுப்பைத் தேய்த்து, வறுத்த உப்பைக் காலுறையில் கட்டி ஒத்தடம் கொடுத்தேன். சுகமாக இருந்தது. மருத்துவமனைக்குப் போனால் ஒரு நாள் முழுக்கப் போய்விடும். முதல் பனி விழுந்த வாரத்தில் யாராவது கடையை மூடுவார்களா?

நவம்பர் 24

நாரின் பக்கத்து மலைக்காரி ஒருத்தி வந்தாள். பெயர் ஜிபார். புருஷனுக்கு இடுப்பு வலியாம், குதிரையிலிருந்து இறங்கும்போது முனகுகிறாராம்.

"கிட்னியாத்தான் இருக்கும் தங்கச்சி. இதோ பார், நானே கட்டியிருக்கேன்," என்று மேல்கோட்டை விலக்கிக் காட்டினேன். பேரம் பேசாமல் வாங்கிப் போனாள்.

நவம்பர் 30

வலி இல்லை. காலையிலிருந்து துளிகூட இல்லை. பட்டைதான் கேட்டிருக்கிறது.

டிசம்பர் 22

வலி போயே போய்விட்டது. வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன்: "ரெண்டே வாரம். டாக்டர் இல்ல, ஆஸ்பத்திரி இல்ல." பொய் சொல்லவில்லை, பட்டதைத்தானே சொல்கிறேன்? பட்டை தீர்ந்து இரண்டாம் முறையும் சரக்கு இறக்கிவிட்டேன். சாக்கினும் இப்போது அதே பட்டையைத் தொங்கவிட்டு, என்னைக் கையால் காட்டியே விற்கிறாள். "எதிர்க்கடைக்காரியைப் பாருங்க, சாகக் கிடந்தவ!"

பிப்ரவரி 26

ஒரு வாரமாகத் தலைவலி. ரத்த அழுத்தம் பார்க்கப் போன இடத்தில் நூற்றெண்பத்தைந்து. அங்கிருந்த டாக்டரம்மா, கெரிம்பெகோவா என்று பெயர், எதற்கும் இருக்கட்டும் என்று ஸ்கேன் எடுக்கச் சொன்னாள். எடுத்த பெண் திரையைப் பார்த்துவிட்டு டாக்டரம்மாவைக் கூப்பிட்டாள்.

டாக்டரம்மா கேட்டாள்: "இடுப்பு வலி இருந்துச்சா?"

"இருந்தது. நவம்பர் முப்பதாம் தேதியோட சரியாயிடுச்சு." பெருமையாகத்தான் சொன்னேன்.

"அன்னிக்கு அது சரியாகலம்மா. கிட்னி வேலையை விட்டுடுச்சு."

படம் வரைந்து காட்டினாள். கிட்னியிலிருந்து இறங்கிய கல் ஒன்று, கடலைப் பருப்பளவு, குழாயில் சிக்கியிருக்கிறது. மேலே தேங்கிய சிறுநீர் கிட்னியை ஊத வைத்து உள்ளிருந்தே நசுக்கியிருக்கிறது. ஊறி ஊறி அழுத்தும் வரைக்கும்தான் அந்த வலி. ஊறுவது குறைந்ததும் வலியும் அடங்கிவிட்டது.

"குளிர் ஏறினதால இல்லையா?"

"குளிர் கிட்னிக்குள்ள ஏறாதும்மா. பகல்ல எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?"

சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"நவம்பர்லயே வந்திருந்தா, சின்னக் கல்லுன்னா மருந்துலயே இறங்கியிருக்கும். இல்லேன்னா லேசர்ல உடைச்சு ரெண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பியிருப்போம். அதையும் விட்டுட்டு என்ன பண்ணீங்க?"

"ஒட்டக ரோமப் பட்டை கட்டினேன்."

சிரிக்கவில்லை அவள். சிரித்திருந்தால் தேவலை.

மார்ச் 3

முதுகில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்திருக்கிறார்கள். தேங்கியது பையில் வடிகிறது. ஆறு வாரம் பார்ப்பார்களாம். உயிர் மிச்சமிருந்தால் கிட்னி தலைதூக்கும்.

மார்ச் 20

பையில் ஒரு நாளைக்கு அரைக் குவளைகூட இல்லை. நிறமும் வெறும் தண்ணீர். தினமும் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், கடை திறந்ததும் முதல் வாடிக்கைக்காகத் தெருவைப் பார்ப்பதுபோல.

ஏப்ரல் 12

இடது கிட்னி ஒன்பது சதவீதம்தான் வேலை செய்கிறதாம். ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடுவதும் அதுதானாம். எடுத்துவிடலாம் என்கிறார்கள்.

யார் மேல் கோபப்படுவது? சாக்கின் மேலா? அவளுக்கு அவள் அம்மா அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பாள். சரக்கைத் தொட்டுப் பார்க்காமல் வாங்காதவள் நான். என் உடம்பை மட்டும் ஊர்ப் பேச்சை நம்பி விட்டுவிட்டேனே, முட்டாள், முட்டாள்!

ஏப்ரல் 17

எடுத்துவிட்டார்கள்.

மே 28

கடைக்குத் திரும்பினேன். சாக்கின் கட்டிப் பிடித்து அழுதாள், பூர்சோக் மாவுத் துண்டுகள் பொரித்துக் கொண்டுவந்தாள். எல்லாம் சரி. ஆனால் வாங்க வந்த ஒருத்தியிடம் நான், "பட்டை குளிருக்குத்தான், கிட்னி வலிக்கு ஸ்கேன் எடு" என்று சொன்னதும் சாக்கின் முகம் மாறிவிட்டது.

"உனக்கு ஒண்ணு போச்சுன்னா ஊர் முழுக்கவா போகும்? பொழைப்பைக் கெடுக்காதே பூருல்."

பன்னிரண்டு மணிக்கு மூன்றாம் குவளை குடித்தேன். கதவைப் பாதி சாத்திவிட்டுக் கழிப்பறைக்குப் போனேன். திரும்பி வந்தபோது என் வாடிக்கை எதிர்க்கடையில் பேரம் பேசிக்கொண்டிருந்தது. போகட்டும்.

அந்த நாரின்காரி ஜிபார்தான் மனதில் வந்து வந்து போகிறாள். அவள் போன் நம்பர்கூட என்னிடம் இல்லை.

ஜூன் 9

வந்தாள்! மேய்ச்சல் மலைக்கு ஏறப் போகிறார்களாம், ராத்திரிக் குளிருக்கு இன்னும் இரண்டு பட்டை வேண்டுமாம். புருஷன் ஓமோர் பின்னால் நின்றார்.

"உங்க பட்டை அருமைக்கா! இவருக்கு வலி சுத்தமா நின்னுபோச்சு."

நடந்ததைச் சொன்னேன், தழும்பையும் காட்டினேன். ஜிபாருக்குக் கோபம். "நல்லாயிட்ட மனுஷனுக்கு எதுக்கு நோவு தேடறீங்க?" விடவில்லை நான். கடையை மூடி, காரில் ஏற்றி, டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். வழி நெடுக ஓமோர் தொப்பியை மடியில் வைத்து உருட்டிக்கொண்டே வந்தார்.

இரண்டு கிட்னியும் முழுசு. கல் இல்லை, வீக்கம் இல்லை. வெறும் தசைப்பிடிப்பாம். "சேணத்தை மாத்துங்க, போதும்," என்றாள் டாக்டரம்மா.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஜிபார் பார்த்த பார்வை வேறு. "அப்ப பட்டைதான் குணமாக்கியிருக்கு. கொடுத்த கையாலேயே பயமுறுத்துறீங்களே. ஒரு பகல் பாழ்!" சந்தைக்குத் திரும்பியதும் நேராக சாக்கின் கடைக்குப் போய் மூன்று பட்டை வாங்கினாள்.

ஜூன் 10

வரிசை முழுக்கச் சிரிப்பு. சாக்கின் எல்லாரும் கேட்கச் சொன்னாள்: "ஸ்கேன் எடுக்கணும்னா பூருல் கடை, குணமாகணும்னா என் கடை!"

தண்ணீர் குடித்தேன்.

ஜூலை 1

இரும்புக் கன்டெய்னர் அடுப்பாகக் கொதிக்கிறது. சாக்கினின் உதடு வெடித்திருக்கிறது. காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடித்து நான் பார்க்கவில்லை. சொன்னால் மறுபடி அந்தக் கேலிப் பாட்டைப் பாடுவாள். நானாகச் சொல்லப் போவதில்லை.

ஜூலை 22, ஞாயிறு

சந்தை நிரம்பி வழிந்தது. பதினோரு மணிக்கு சாக்கின் என் கடைக்குள் வந்தாள். இருபத்தொரு வருடத்தில் விற்பனை நேரத்தில் அவள் கடையை விட்டு நகர்ந்தது, நான் மூட்டை மேல் கவிழ்ந்து கிடந்த அன்று மட்டும்தான். மேல்சட்டைக்கு அடியில் பட்டை புடைத்துக்கொண்டு தெரிந்தது, இந்த வெயிலில்.

"அந்த ஸ்கேன் எடுக்கிற இடம்... எந்தத் தெருடி?"

எத்தனை நாளாகக் காத்திருந்தேன் இதற்கு! பட்டையை இன்னும் இறுக்கிக் கட்டு என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. உண்மையாகவே வந்தது, மறைப்பானேன்.

"எத்தனை நாளா வலி?" என்று மட்டும் கேட்டேன்.

"பதினாறு நாள்." கீழே குனிந்துகொண்டாள். "நேத்துக் காலையிலேருந்து இல்ல. ஒரேயடியா நின்னுபோச்சு." பிறகு மெல்ல, குழந்தை கேட்பதுபோல: "நல்லதுதானேடி அது?"

சாவியை எடுத்தேன். இரண்டு கடையையும் நானே பூட்டினேன்.